சேர்ந்து உட்கார்ந்தா மட்டும் குரூப் ஆயிடுமா?

போன மாசம் இதே பக்கத்துல "கிளாஸ்ல குரூப் ஆக்டிவிட்டி வச்சா பசங்க நிஜமாவே யோசிக்கிறாங்களா, இல்ல பீரியட் போறதுதான் மிச்சமா?"ன்னு ஒரே ஒரு வரி கேட்டு வச்சேன், அவ்ளோதான், லெட்டரும் வாட்ஸ்அப்புமா குவிஞ்சிடுச்சு. டீச்சருங்க, பெத்தவங்க, நடுவுல ஸ்கூல் பசங்க கூட எழுதியிருக்காங்க. பேர் போடாதீங்கன்னு நிறைய பேர் கேட்டதால யார் பேரும் போடல, ஊர் மட்டும்தான். நான் 31 வருஷம் கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ, அதனால உதாரணம் எல்லாம் கணக்கு பக்கமே சாஞ்சிருந்தா பொறுத்துக்கோங்க.

என் பொண்ணு ஏழாவது படிக்கிறா, நல்லா படிக்கிற பொண்ணு. குரூப் ஒர்க்னு ஆறு பேர சேத்து விட்டுடறாங்க, கடைசில எல்லா வேலையும் இவ தலைலதான். மத்தவங்க சும்மா இருந்துட்டு மார்க் வாங்கிட்டு போறாங்கன்னு வந்து அழுவுறா. இதனால இவ படிப்பு கெடாதா டீச்சர்? (ஒரு அம்மா, தேவகோட்டை)

உங்க பொண்ணு அழுவுறது நூத்துக்கு நூறு நியாயம்ங்க. ஆனா அவளுக்கு குடுத்தது என்ன வேலைன்னு கேட்டீங்களா? அனேகமா சார்ட் பேப்பர் வாங்கி சூரிய குடும்பம் வரைஞ்சு, கலர் அடிச்சு, கீழ ஆறு பேர் பேரையும் எழுதி ஒட்டறதா இருக்கும். ஒருத்தர் செஞ்சாலே முடியற வேலைய ஆறு பேருக்கு குடுத்தா ஒருத்தர்தான் செய்வாங்க, அதுல பசங்கள குத்தம் சொல்லி என்ன ஆகப்போகுது. ரிங்கல்மேன்னு பிரான்ஸ்ல ஒரு விவசாய இன்ஜினியர், நூறு வருஷத்துக்கும் முன்னாடியே ஆளுங்கள கயிறு இழுக்க விட்டு பலத்த அளந்து பாத்தாரு. தனியா இழுக்கறப்ப இருக்கற பலம் கூட்டமா இழுக்கறப்ப ஆளுக்கு ஆள் குறையுது, ஆள் கூடக்கூட இன்னும் குறையுது. இதுக்கு பிரான்ஸ் வரைக்கும் போவானேன், நம்ம ஊர்ல தேர் வடம் புடிக்கறப்ப பாருங்க, வடத்து மேல கைய மட்டும் வச்சுகிட்டு நடந்து வர்றவங்க எத்தனை பேருன்னு தெரியும்.

படிப்பு கெடுமான்னு கேட்டீங்களே, கூட இருக்கறவங்களுக்கு "ஏன்"னு விளக்கி சொல்ற வேலை அவளுக்கு கிடைச்சா கெடாது, ஏறும். அமெரிக்காவுல நோரீன் வெப்னு ஒரு ஆராய்ச்சியாளர் கணக்கு கிளாஸ்ல குரூப்ல உட்கார்ந்த பசங்க என்ன பேசிக்கறாங்கன்னு வருஷக்கணக்கா கவனிச்சவங்க. காரணத்தோட விளக்கி சொன்ன பிள்ளைங்க நல்லா தேறினாங்க, விடைய மட்டும் கேட்டு வாங்கிகிட்ட பிள்ளைங்களுக்கு ஒண்ணும் பெருசா ஒட்டலன்னு அவங்க பாத்தாங்க. நமக்கும் தெரிஞ்சதுதானே, எனக்கே பி.எஸ்சி.ல புரியாத பல விஷயம் டீச்சர் ஆகி பசங்களுக்கு சொல்லிக் குடுக்க போய்தான் புரிஞ்சுது.

அடுத்த பிடிஏ மீட்டிங்ல அந்த டீச்சர்கிட்ட சண்டைக்கு போகாம ரெண்டே விஷயம் கேட்டு பாருங்க. ஒண்ணு, குரூப் பேசி முடிச்சதும் குரூப்ல யார வேணும்னாலும் எழுப்பி கேளுங்க மேடம், லீடர மட்டும் எழுப்பாதீங்கன்னு. இன்னொண்ணு, கடைசி அஞ்சு நிமிஷம் ஒவ்வொருத்தரும் தனித்தனியா ரஃப் நோட்ல நாலு வரி எழுதட்டும், மார்க் அதுக்கு போடுங்கன்னு. யார எழுப்புவாங்கன்னே தெரியாதப்ப, சும்மா இருக்கற பையன் தானா வந்து "ஏய் எனக்கும் சொல்லுடி"ன்னு கேப்பான், பாருங்க.

42 பேர் கிளாஸ், 40 நிமிஷ பீரியட். குரூப் பிரிக்கவே பத்து நிமிஷம் போயிடுது, அப்பறம் சந்தைக்கடை மாதிரி சத்தம், ஹெச்.எம். வந்து எட்டி பாத்துட்டு போறாரு. ஒரே அசிங்கமா இருக்கு. என்ன பண்ணலாம் டீச்சர்? (நடுநிலைப்பள்ளி ஆசிரியர், பெரம்பலூர் பக்கம்)

சார், குரூப்ப மறந்துடுங்க, கொஞ்ச நாளைக்கு ஜோடி போதும். பெஞ்ச நகத்த வேண்டாம், பக்கத்துல இருக்கறவன்தான் ஜோடி. கேள்விய போர்டுல எழுதிட்டு முதல் ஒரு நிமிஷம் யாரும் வாய திறக்கக்கூடாது, தனியா யோசிக்கணும், அப்பறம் ரெண்டு நிமிஷம் பக்கத்துல பேசணும், அப்பறம் நீங்க கேக்கறப்ப கிளாஸுக்கு சொல்லணும். 1981ல மேரிலேண்ட்ல ஃப்ராங்க் லைமன்னு ஒரு பேராசிரியர் எழுதி வச்ச முறை இது, உலகம் பூரா ஓடுது. இதுல உயிர் எங்க இருக்குன்னா அந்த முதல் ஒரு நிமிஷ மௌனத்துல. நான் மொத மொத பண்ணப்ப அத விட்டுட்டேன், நேரா "பேசுங்க"ன்னுட்டேன், வாய் இருக்கறவன் பேசினான், மத்தவங்க தலையாட்டினாங்க, நானும் ஆஹா குரூப் நடக்குதுன்னு நினைச்சுகிட்டேன். ரெண்டு வருஷம் அப்படியே ஓடிச்சு, வெக்கமா இருக்கு இப்ப நினைச்சா.

மேரி பட் ரோன்னு ஒரு அம்மா 1970கள்ல கிளாஸ்ரூம் பேச்ச டேப் போட்டு ஓட்டி பாத்தப்ப, டீச்சருங்க கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரே ஒரு செகண்ட்தான் காத்திருக்காங்கன்னு தெரிஞ்சுது. மூணு செகண்டா கூட்டினதுக்கே பசங்க பதில் நீளமாச்சு, வழக்கமா வாய திறக்காத பிள்ளைங்க கூட பேசினாங்க. மூணு செகண்ட் சார். நாளைக்கு கிளாஸ்ல மனசுக்குள்ள எண்ணி பாருங்க, எவ்வளவு நீளமா இருக்கும்னு அப்பதான் தெரியும்.

ஜோடி பழகினதும், ஒத்தப்படை வரிசை பெஞ்ச்ல இருக்கறவங்க பின்னாடி திரும்பி உட்கார்ந்தா நாலு பேர் குரூப் ரெடி, பத்து செகண்ட் வேலை. சத்தத்த பத்தி, ஹெச்.எம். சார் எட்டி பாத்தா உள்ள கூப்பிட்டு ஒரு குரூப் பக்கத்துல நிக்க வைங்க. தூரத்துல இருந்து கேட்டா எல்லாமே இரைச்சல்தான், கிட்ட நின்னா "எப்பிட்றா சொல்ற நீ"ங்கறது காதுல விழும்.

9ம் வகுப்பு கணக்குக்கு குரூப் எல்லாம் ஒத்து வருமா? போர்ஷன் முடிக்கணும், ரிவிஷன் டெஸ்ட் வைக்கணும், ரிசல்ட் கேட்டு மேல இருந்து பிரஷர் வேற. (பட்டதாரி ஆசிரியர், கோவில்பட்டி)

வாங்க, நம்ம ஆளு! எல்லா பாடத்துக்கும் ஒத்து வராதுங்க. வாய்ப்பாட்டுக்கும் சூத்திரம் மனப்பாடத்துக்கும் எதுக்கு குரூப், அவனவன் உட்கார்ந்து படிக்கட்டும். "நீளம் 8 மீ, அகலம் 4 மீ, சுற்றளவு காண்க", இத நாலு பேருக்கு குடுத்தா ஒருத்தன் 24னு போடுவான், மூணு பேர் பாத்து எழுதுவான், அதுல யோசிக்க என்ன இருக்கு. அதே 24 மீட்டர தலைகீழா குடுத்து பாருங்க. நான் ஒரு வருஷம் எட்டாவதுக்கு இப்படி குடுத்தேன்: 24 மீட்டர் வலை இருக்கு, ஆட்டுக்குட்டிங்கள அடைக்க செவ்வகமா ஒரு பட்டி போடணும், எப்படி போட்டா இடம் நிறைய கிடைக்கும்?

முதல்ல ஒரு குரூப் 11க்கு 1னு போட்டுச்சு, பரப்பு 11. பக்கத்து குரூப்ல ஒரு பொண்ணு, "அதுல ஆடு திரும்பக்கூட முடியாதுடி"ன்னா. அப்பறம் வரிசையா போட்டாங்க, 10க்கு 2னா 20, 9க்கு 3னா 27, 8க்கு 4னா 32, 7க்கு 5னா 35. 6க்கு 6 போட்டா 36 வருது, ஆனா அங்க ஒரு சண்டை, "டீச்சர் செவ்வகம்னு தானே சொன்னாங்க, இது சதுரம்டா". சதுரம் செவ்வகமா இல்லையா? பத்து நிமிஷம் ஓடுச்சு சார் அந்த சண்டை. செவ்வகம்னா என்னன்னு எட்டு வருஷமா வரைஞ்சுகிட்டு இருந்த பசங்க அன்னிக்குதான் புக்க தொறந்து வரையறைய நிஜமா படிச்சாங்க, நாலு கோணமும் 90 இருந்தா போதும்னு இருக்கு, அப்ப சதுரமும் செவ்வகம்தான்னு அவங்களே முடிவுக்கு வந்தாங்க. நான் வாயே திறக்கல. திறக்கணும்னு நாக்கு துடிச்சுது, அது வேற விஷயம்.

சரி 36, முடிஞ்சுதுன்னு நான் சாக்பீஸ கீழ வைக்கப் போறேன், கடைசி பெஞ்ச் குரூப்ல ஒரு பையன், வருஷம் பூரா என்கிட்ட ஒரு வார்த்த பேசாதவன், அவங்க வீட்ல ஆடு இருக்கு, மெதுவா சொல்றான், "எங்க வீட்ல சுவத்த ஒட்டித்தான் கட்டுவோம் டீச்சர், ஒரு பக்கத்துக்கு வலை வேணாம்ல". கிளாஸே திரும்பி அவன பாத்துச்சு. எனக்கும் அது தோணலங்க, என் நோட்ஸ்ல 36 தான் எழுதி வச்சிருந்தேன். உடனே எல்லாரும் சதுரம்தான் ஜெயிக்கும்னு 8, 8, 8னு போட்டு 64 கண்டுபுடிச்சு குதிச்சாங்க. இவன் குரூப் மட்டும் நிக்கல, பக்கவாட்டுல 7, 7 வச்சு எதிர்ல 10 போட்டாங்க, 70. 6, 6, 12 போட்டாங்க, 72. 5, 5, 14 போட்டா திரும்ப 70க்கு இறங்குது. அப்ப 72 தான் உச்சம், பழைய 36க்கு நேர் ரெட்டை. "ஏன் டீச்சர் கரெக்டா ரெட்டை?"ன்னு ஒருத்தி கேட்டா. சுவத்துக்கு அந்தப்பக்கமும் இதே மாதிரி ஒண்ணு இருக்கறதா நினைச்சுக்கன்னு மட்டும் சொன்னேன், மறுநாள் காலைல பிரேயருக்கு முன்னாடியே வந்து சொல்லிட்டா, ரெண்டையும் சேத்தா 12க்கு 12 சதுரம் டீச்சர், அதுல பாதி நம்மளுதுன்னு.

போர்ஷன்ல ரெண்டு பீரியட் போச்சு, மறுக்கல. ஆனா அதே பசங்க பத்தாவதுல இருபடி வரைபடம் வந்தப்ப வளைவு ஏறி உச்சிக்கு போய் இறங்கறத பாத்துட்டு "ஆட்டுப்பட்டி கணக்கு டீச்சர் இது"ன்னாங்க, அங்க ஒரு பீரியட் எனக்கு மிச்சம். ஒரு பாடத்துக்கு ஒரு கேள்வி இப்படி போதும் சார். ஒருத்தனே முடிக்க முடியாததா, ஒரே வழி இல்லாததா, தப்பா போட்டாலும் பேச எடம் இருக்கறதா ஒண்ணு. அத தேடறதுதான் நம்ம வேலை, குரூப் பிரிக்கறது எல்லாம் யார் வேணா பண்ணலாம்.

தப்பா புரிஞ்சுகிட்ட பிள்ளை மத்த பிள்ளைக்கும் தப்பாவே சொல்லிக் குடுத்துட்டா? (தொடக்கப்பள்ளி ஆசிரியை, மன்னார்குடி)

நல்ல கேள்வி, எனக்கும் இந்த பயம் ரொம்ப நாள் இருந்துச்சு. என் தங்கச்சி மக தொடக்கப்பள்ளில டீச்சரா இருக்கா, அவ அஞ்சாவது கிளாஸ்ல ஒரு நாள் சும்மா போய் உட்கார்ந்திருந்தேன். 1/2 கூட்டல் 1/3. குரூப் லீடர் பொண்ணு மேல மேல கூட்டு, கீழ கீழ கூட்டுன்னு 2/5 போட்டா, லீடர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ரெண்டு பேர் அப்படியே எழுதிட்டாங்க. ஒரு வாண்டு மட்டும் பேனாவ கடிச்சுகிட்டு, மேஜை மேல வச்சிருந்த பத்து கட்டம் போட்ட கடலைமிட்டாய் படத்தயே பாத்துகிட்டு இருந்தான். "பாதின்னா அஞ்சு கட்டம். அஞ்சுல ரெண்டு பங்குன்னா நாலு கட்டம். அஞ்சோட இன்னும் கொஞ்சம் சேத்தா எப்படி நாலு ஆகும்?" லீடர் முகத்த பாக்கணுமே! மணி அடிக்கற வரைக்கும் அவங்களுக்கு 5/6 வரல, மறுநாள்தான் வந்துச்சு, ஆனா 2/5 ஏன் தப்புன்னு நாலு பேருக்கும் எலும்புல இறங்கிடுச்சு, நம்ம நூறு தடவ போர்டுல எழுதி போட்டாலும் அப்படி இறங்காது.

கொலராடோ யுனிவர்சிட்டில பயாலஜி கிளாஸ்ல இத சோதிச்சே பாத்திருக்காங்க, 2009ல சயன்ஸ் பத்திரிகைல வந்துச்சு. ஒரு கேள்விக்கு முதல்ல தனியா பதில், அப்பறம் பக்கத்துல பேசிட்டு திரும்ப பதில், அப்பறம் அதே மாதிரி இன்னொரு கேள்விக்கு தனியா பதில். ஆரம்பத்துல ஒருத்தருக்குமே விடை தெரியாத குரூப்ல கூட பேசினதுக்கப்பறம் பல பேர் தேறியிருந்தாங்க. அப்ப தெரிஞ்சவன பாத்து காப்பி அடிச்சதுன்னு சொல்ல முடியாதுல்ல. இருந்தாலும் நீங்க நாற்காலில உட்கார்ந்துடாதீங்க, சுத்தி வாங்க. ஒரே தப்ப மூணு குரூப் பண்றது காதுல விழுந்தா நிறுத்தி, யார் பேரும் சொல்லாம அத போர்டுல போட்டு "இப்படி ஒருத்தர் சொல்றாங்க, என்ன நினைக்கறீங்க"ன்னு விட்டுடுங்க.

எங்க கிளாஸ்ல ஒடிசா, பீகார் பிள்ளைங்க நாலஞ்சு பேர் இருக்காங்க, தமிழ் அரைகுறை. குரூப்ல யாரும் சேத்துக்க மாட்டேங்கறாங்க. உள்ளூர் பசங்களும் தெரு தெருவா பிரிஞ்சுதான் உட்கார்றாங்க, ஏன்னு உங்களுக்கே தெரியும். (ஆசிரியை, திருப்பூர்)

தெரியும்மா. பசங்கள "நீங்களே குரூப் சேந்துக்கோங்க"ன்னு விட்டா ஊர்ல இருக்கற கோடு எல்லாம் கிளாஸுக்குள்ள வந்துடும். பள்ளிக்கூடங்கள்ல சாதி மோதல தடுக்க வழி சொல்ல அமைச்ச நீதிபதி சந்துரு கமிட்டி, 2024ல குடுத்த அறிக்கைல அகர வரிசைப்படி உட்கார வைக்கச் சொன்னதும் இதனாலதான். நான் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பத்து வரைக்கும் எண்ண விட்டு ஒரே நம்பர் எல்லாம் ஒரு குரூப்னு பிரிச்சுடுவேன், வாரா வாரம் மாத்திடுவேன், முணுமுணுப்பு முதல் மாசத்தோட சரி.

1971ல டெக்சாஸ் ஆஸ்டின்ல வெள்ளைக்கார பிள்ளைங்க, கறுப்பின பிள்ளைங்க, மெக்சிகோ வம்சாவளி பிள்ளைங்க எல்லாரையும் ஒரே ஸ்கூல்ல சேத்தப்ப தினம் அடிதடி. எலியட் ஆரன்சன்னு ஒரு உளவியல் பேராசிரியர கூப்பிட்டாங்க. அவரு பாடத்த துண்டு துண்டா பிரிச்சு குரூப்ல ஆளுக்கு ஒரு துண்டு குடுத்தாரு, அடுத்தவன் துண்டு உனக்கு கிடையாது, அவன் வாயால கேட்டாத்தான் டெஸ்ட் எழுத முடியும். இங்கிலீஷ் திக்கித் திக்கி பேசற பையன முதல்ல கிண்டல் பண்ணாங்க, ஆனா அவன்கிட்ட இருக்கற துண்டு வேணுமே, அப்பறம் கிண்டல விட்டுட்டு கேள்வி கேட்டு வாங்க கத்துகிட்டாங்க. ஜிக்சானு இதுக்கு பேரு. உங்க ஒடிசா பாப்பாவுக்கு படமோ சோதனையோ இருக்கற துண்ட குடுங்க, அதே துண்டு கிடைச்ச மத்த குரூப் பிள்ளைங்களோட முதல்ல பேசி பழகிட்டு அப்பறம் தன் குரூப்புக்கு வந்து சொல்லட்டும். பாதி தமிழ், பாதி கைஜாடைனாலும் பரவால்ல. ஒரே நாள்ல மாறாது, நாலு வாரம் விடாம பண்ணுங்க.

எங்க காலத்துல குரூப்பாவது ஒண்ணாவது! மனப்பாடம் பண்ணி, அடி வாங்கி படிச்சோம். நாங்க எல்லாம் யோசிக்கத் தெரியாதவங்களா? (வயது 78, கும்பகோணம்)

ஐயா, கோச்சுக்காதீங்க! ஆனா பிள்ளைங்க பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்கறது நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்து சரக்குதான், சட்டாம்பிள்ளைய மறந்துட்டீங்களா? ஆண்ட்ரூ பெல்னு ஒரு பாதிரியார் 1789ல இருந்து மெட்ராஸ் எழும்பூர்ல அநாதைப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்த நடத்தினாரு, நம்ம ஊர் பிள்ளைங்க மணல்ல விரலால எழுதி படிக்கறத பாத்துட்டு, மூத்த பசங்கள வச்சு சின்ன பசங்களுக்கு பாடம் நடத்த ஆரம்பிச்சாரு. 1797ல லண்டன்ல அத புத்தகமா போட்டாரு, 'மெட்ராஸ் முறை'ன்னே இங்கிலாந்துல பேராச்சு. ஆனா சட்டாம்பிள்ளை ஒப்பிக்க வச்சாரே தவிர, "ஏன் அப்படி"ன்னு திருப்பி கேட்டா பிரம்புதான் பதில் சொல்லிச்சு. எதிர்ல இருக்கறவன் உன்ன மாதிரியே ஒருத்தன், அவன் சொல்றது தப்பாவும் இருக்கலாம்ங்கற தைரியத்துலதான் பிள்ளை கேள்வியே கேக்கும். அதனாலதான் குரூப் லீடர்னு நிரந்தரமா ஒருத்தர போட்டு வைக்கறது எனக்கு புடிக்காது.

ஏபிஎல், அதான் அட்டைய வச்சு பிள்ளைங்க தானா படிக்கற செயல்வழிக் கற்றல், வந்தப்பவே தரைல வட்டமா உட்கார வச்சோமே, அதுல இல்லாததா? (ஓய்வு பெற்ற ஆசிரியை, சென்னை)

அதுல நல்லது நிறைய இருந்துச்சும்மா, இல்லன்னு சொல்லல. 2003ல சென்னை மாநகராட்சில 13 ஸ்கூல்ல ஆரம்பிச்சு, 2007க்குள்ள மாநிலம் பூரா போச்சு, டீச்சர் தரைல பாயில வந்து உட்கார்ந்ததே பெரிய விஷயம், பிள்ளைக்கு கை எட்டற உயரத்துல கரும்பலகை. ஆனா நான் பாத்த இடங்கள்ல ஏணிப்படி அட்டைல ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு படில இருக்கும், அதது அட்டைய அதது முடிக்கும், பேச ஒரு பொதுக் கேள்வி இருக்காது. பந்தில பக்கத்து பக்கத்துல உட்கார்ந்து அவங்கவங்க இலைல சாப்பிடற மாதிரி.

மிஸ், டிஸ்கஸ் பண்ணுங்கன்னு சொல்லிட்டு மேடம் பேப்பர் திருத்த உட்கார்ந்துடறாங்க. நாங்க கிரிக்கெட் பேசறோம். தப்பா? (பத்தாம் வகுப்பு மாணவன், ஊர் போடல)

ஊர் போடாதது புத்திசாலித்தனம். டிஸ்கஸ் பண்ண ஒண்ணும் இல்லன்னா கிரிக்கெட்தான்பா பேசுவீங்க, நானா இருந்தாலும் அதான். இந்தா, நாளைக்கு பேச ஒண்ணு தர்றேன். டம்ளர்ல ஐஸ் கட்டி மிதக்குது, தண்ணி விளிம்பு வரைக்கும் தளும்ப நிக்குது. ஐஸ் முழுசா கரைஞ்சா தண்ணி வழியுமா, குறையுமா, அப்படியே நிக்குமா? முதல்ல நாலு பேரும் தனித்தனியா எழுதி மடிச்சு வச்சுக்கோங்க, அப்பறம் சண்டை போடுங்க. கூகுள் பாக்காம வீட்டுக்கு போய் ஃப்ரிட்ஜ்ல ஐஸ் எடுத்து செஞ்சு பாருங்க, டம்ளருக்கு அடில ஒரு தட்டு வச்சுக்கோ, தரைல கொட்டினா அம்மா என்னத்தான் திட்டுவாங்க.